புது கேமிங் கணினி: 100 ஃப்ரேம் காட்டுகிறது, ஆனாலும் திக்குகிறது

2024 ஏப்ரல் 28, ஞாயிறு மாலை

அக்கா மகனுக்காகச் சேர்த்த கணினி. மானிட்டரோடு சேர்த்து 98,000 ரூபாய் ஆகியிருக்கிறது. பாதிப் பணம் அவன் இரண்டு வருடம் டியூஷன் எடுத்துச் சேர்த்தது. மதுரையில் என் வீட்டு மாடியறையில் நாங்கள் இருவரும் உட்கார்ந்து பூட்டினோம்.

உள்ளே இருப்பவை: ரைசன் 5 7600 பிராசசர், அதன் பெட்டியோடு வந்த கூலர், பி650 மதர்போர்டு, டிடிஆர்5 6000 ரேம் 16 ஜிபி வீதம் இரண்டு, ஆர்டிஎக்ஸ் 4060 8 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு, 1 டிபி என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி வகை), 650 வாட் பவர் சப்ளை. அவனுடைய பழைய கணினியிலிருந்த 1 டிபி ஹார்டு டிஸ்க்கையும் கழற்றி இதில் மாட்டியிருக்கிறேன். குடும்பப் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. மானிட்டர் 1080பி, 165 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 165 முறை படத்தைப் புதுப்பிக்கக்கூடியது. விண்டோஸ் 11 புதிதாகப் போட்டது.

பிரச்சினை இதுதான். சைபர்பங்க் 2077 விளையாட்டில் மூலையில் இருக்கும் எண், அதாவது நொடிக்கு எத்தனை ஃப்ரேம் (படம்) வருகிறது என்பது, 90, 100 என்று காட்டுகிறது. ஆனால் காரில் போகும்போது சில நொடிகளுக்கு ஒரு முறை படம் அப்படியே நின்று, பிறகு தாவுகிறது. விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் பெஞ்ச்மார்க் என்ற வேகச் சோதனையை ஓட்டினால் குறையே தெரியவில்லை. "மாமா, என் பழைய பிசியே இப்படித்தானே ஓடுச்சு" என்று அவன் சொன்னது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கார்டு டிரைவரை டிடியு என்ற டிரைவர் நீக்கும் மென்பொருளை வைத்து முழுக்கத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டுப் பார்த்தாயிற்று. பயாஸ் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டும் ஆயிற்று. கடையில் கேட்டால் "கார்டைக் கொண்டு வாங்க, மாற்றிப் பார்க்கலாம்" என்கிறார்கள். காரணம் தெரியாமல் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. இதைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

அன்றே, இரவு 11 மணி

முதலில் கேட்ட மூன்று கேள்விகளுக்குப் பதில். கேபிள் கார்டில்தான் செருகியிருக்கிறது, மதர்போர்டில் இல்லை. 7600-க்குள் சிறிய கிராஃபிக்ஸ் இருப்பதால் தவறான இடத்தில் செருகினாலும் படம் வந்துவிடும், ஆகவே கேட்டது சரியான கேள்வி. விளையாட்டு எந்த டிரைவில் இருக்கிறது என்று கேட்டீர்கள்: என்விஎம்இ.

விண்டோஸில் மானிட்டர் எத்தனை ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்ற மூன்றாவது கேள்விக்கு நன்றி. மானிட்டர் 165 ஹெர்ட்ஸ் என்று நான் எழுதினேன், ஆனால் விண்டோஸ் அதை 60-ல்தான் ஓட்டிக்கொண்டிருந்தது. டிஸ்ப்ளே அமைப்பில் போய் 165-ஐத் தேர்ந்தெடுத்தேன். மவுஸ் நகர்வதிலேயே வித்தியாசம் தெரிகிறது. ஆனால் கார் ஓட்டும்போது வரும் நிறுத்தம் அப்படியே இருக்கிறது.

ஏப்ரல் 29

"100 ஃப்ரேம் வருகிறதே, அப்புறம் என்ன குறை" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நானும் இத்தனை நாள் அந்த எண்ணைத்தான் நம்பியிருந்தேன்.

ஒரு நொடி என்பது 1000 மில்லிநொடி. 99 ஃப்ரேம்கள் ஆளுக்கு 8 மில்லிநொடியில் வந்து, ஒரே ஒரு ஃப்ரேம் மட்டும் 208 மில்லிநொடி எடுத்தால் கூட்டுத்தொகை சரியாக 1000. மூலையில் 100 என்றுதான் காட்டும். ஆனால் அந்த ஒரு ஃப்ரேமில் படம் ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் உறைந்து நின்றிருக்கும். கண்ணுக்குத் தெரிவது அந்த ஒன்றுதான். ஆகவே பார்க்க வேண்டியது ஃப்ரேம் நேரம், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் எத்தனை மில்லிநொடி ஆனது என்ற வரைபடம்.

ஃப்ரேம் நேரத்தை அளக்கும் கேப்ஃப்ரேம்எக்ஸ் என்ற மென்பொருளைப் போட்டேன். இலவசம்தான். விளையாட்டில் வரும் ஊரில் ஜப்பான்டவுனிலிருந்து நகர மையத்துக்கு ஒரே கார், ஒரே பாதை, மூன்று நிமிடம் என்று வைத்துக்கொண்டேன். இனி எதை மாற்றினாலும் இதே பாதையில்தான் ஓட்டிப் பார்க்கப் போகிறேன்.

இன்றைய அளவு: சராசரி 92. மோசமான ஒரு சதவீதத்தின் கணக்கு (மிக மெதுவான ஒரு சதவீத ஃப்ரேம்களை வைத்துப் பார்த்தால் நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பது) 31. மிக நீண்ட ஃப்ரேம் 214 மில்லிநொடி.

வரைபடம் தரையோடு ஒட்டிய புல் மாதிரி இருக்கிறது. நடுநடுவே பனைமரம் நிற்கிறது.

மே 1, விடுமுறை

ஒருவர் ரேமின் புகைப்படம் கேட்டார். பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றி எடுத்து அனுப்பினேன். பார்த்த உடனே சொல்லிவிட்டார்: இரண்டு ரேமும் பிராசசரை ஒட்டிய முதல் இரண்டு இடங்களில் இருக்கின்றன, இது ஒரே சேனல், அதாவது இரண்டும் பிராசசரோடு பேச ஒரே வழிதான்.

நான்கு இடம் உள்ள பலகையில் இரண்டு ரேம் மட்டும் போட்டால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். மதர்போர்டிலேயே ஏ2, பி2 என்று அச்சிட்டிருக்கிறது. எழுத்து அவ்வளவு சிறியது, கூலர் நிழலில் அது கண்ணில் படவில்லை. அருகருகே இருந்தால்தான் சேர்ந்து வேலை செய்யும் என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம்.

கணினியின் உள்விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருளில் பார்த்தால் சேனல் என்ற இடத்தில் 2 x 32 பிட் என்று இருந்தது. டிடிஆர்5-ல் ஒவ்வொரு ரேமும் உள்ளுக்குள் இரண்டு 32 பிட் பாதைகளாகப் பிரிந்திருக்கும். இரட்டைச் சேனல் என்றால் 4 x 32 பிட் காட்ட வேண்டும். இது தெரியாதவர் "2 என்று இருக்கிறதே, அப்ப இரட்டைதானே" என்று விட்டுவிடுவார். நான் விட்டிருந்தேன்.

இன்னொன்றும் தெரிந்தது. பெட்டியில் 6000 என்று போட்டிருந்தாலும் ரேம் 4800-ல் ஓடிக்கொண்டிருந்தது. பயாஸில் எக்ஸ்போவை (ரேமைப் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் அமைப்பு) நாமே இயக்கினால்தான் 6000 வரும். கணக்குப் போட்டால் 4800-ல் ஒற்றைச் சேனல் நொடிக்கு 38.4 ஜிபி. 6000-ல் இரட்டைச் சேனல் 96 ஜிபி. பாதியைவிடக் குறைவான ரேம் வேகத்தில் மூன்று வாரம் ஓடியிருக்கிறது.

சரி என்று ரேமை மாற்றிச் செருகி, பயாஸில் எக்ஸ்போவைப் போட்டு, சேமித்து வெளியே வந்தேன். திரை கறுப்பு. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். மதர்போர்டில் ரேம் விளக்கு மட்டும் மஞ்சளாக எரிகிறது. அவன் முகம் வெளுத்துவிட்டது. பவர் பட்டனில் கை வைத்தவனைத் தடுத்து, "மாப்ளே, தொடாதே, பொறு" என்றேன். எனக்கும் உள்ளே படபடப்புதான். நாலாவது நிமிடத்தில் படம் வந்தது. ஏஎம்5 பலகைகள் (7600 போன்ற புது ரைசன்கள் பொருந்துபவை) புது ரேம் அமைப்பைப் பார்த்ததும் முதல் முறை இப்படி நேரம் எடுத்துப் பழகிக்கொள்ளும். இதை யாராவது முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்: ரேமை இடம் மாற்றினாலோ எக்ஸ்போ போட்டாலோ பத்து நிமிடமாவது கை வைக்காமல் இருங்கள்.

மே 2

சரியாகிவிட்டது! சராசரி 99, ஒரு சதவீதக் கணக்கு 44. ரேம்தான் காரணம். படம் கேட்டவருக்கு நாங்கள் இருவரும் கடன்பட்டிருக்கிறோம்.

மே 2, இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். எண் ஏறியதைப் பார்த்த சந்தோஷத்தில் எழுதிவிட்டேன். மிக நீண்ட ஃப்ரேமைப் பார்க்கவில்லை. அது இன்னும் 190 மில்லிநொடி. புல் சீராகிவிட்டது, பனைமரங்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. ரேம் ஒரு குறை, அதைத் திருத்தியாயிற்று. நான் தேடிக்கொண்டிருப்பது வேறு.

மே 4, சனி

இன்று அக்னி நட்சத்திரம் ஆரம்பம். மாடியறையில் 37 டிகிரி.

புதிதாக ஒரு விஷயம். வரைபடத்தில் இப்போது சீப்பின் பல் மாதிரி ஒரே இடைவெளியில் சின்னச் சின்ன முள்கள் வருகின்றன. அளந்தால் சரியாக 2 நொடிக்கு ஒன்று. கார் ஓடும்போது நன்றாகத் தெரிகிறது, ஓரமாக நிறுத்தினால் குறைகிறது.

விளையாட்டு இவ்வளவு கடிகாரம் மாதிரி திக்காது. இடைவெளி ஒழுங்காக இருந்தால், டைமர் வைத்து ஏதோ ஒன்று எழுந்து வேலை செய்கிறது என்று அர்த்தம். பின்னணியில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக மூடினேன். விளக்கு நிறம் மாற்றும் மென்பொருள், மாற்றமில்லை. கேம் ரெக்கார்டிங், மாற்றமில்லை. கடைசியில் வெப்பநிலை பார்க்க மே 2 அன்று நானே போட்ட கண்காணிப்பு மென்பொருள். அதை மூடியதும் சீப்பு காணாமல் போனது.

அதுதானா என்று உறுதி செய்ய, திரும்பத் திறந்து, அளவெடுக்கும் இடைவெளியை 2 நொடியிலிருந்து 5 நொடியாக மாற்றினேன். முள்ளும் 5 நொடிக்கு ஒன்றாக நகர்ந்தது. இதைவிடத் தெளிவான சாட்சி கிடைக்காது. பிறகு சென்சார்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்ததில், பழைய ஹார்டு டிஸ்க்கின் ஸ்மார்ட் தகவலை (டிஸ்க் தன் நிலையைப் பற்றித் தரும் விவரம்) படிக்கும் ஒன்றை அணைத்ததும் முள் நின்றது. மற்றதெல்லாம் ஓடினாலும் பாதிப்பில்லை.

ஆக இது நான் நோயைத் தேடப் போய்ப் புதிதாகச் சேர்த்தது. பழைய பனைமரங்கள் இன்னும் இருக்கின்றன.

மே 5

எஃப்டிபிஎம்மை (பிராசசருக்குள் இருக்கும் பாதுகாப்புப் பகுதி) அணைக்கச் சொன்ன தம்பிக்கு: அந்த ஆலோசனை ஒரு காலத்தில் சரியானதுதான். ரைசன் கணினிகள் சில, எஃப்டிபிஎம் பயாஸ் சிப்போடு பேசும்போது திக்குவதை ஏஎம்டி 2022 மார்ச்சில் ஒப்புக்கொண்டது. அஜீசா 1207 என்ற திருத்தத்தோடு வந்த பயாஸ்களில் அதைச் சரிசெய்தார்கள். அது முந்தைய ஏஎம்4 காலத்துக் கதை. என்னுடையது ஏஎம்5. விண்டோஸ் 11-க்கு எஃப்டிபிஎம் தேவை, டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அணைத்த பிறகு மீட்புச் சாவி கேட்டு நிற்கும். பழைய ஆலோசனைகளுக்கு மேலே வருடம் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் பத்து வரி மாற்றச் சொல்லும் வீடியோ அனுப்பியவருக்கும் நன்றி. ஆனால் செய்யப் போவதில்லை. ஒரே நேரத்தில் பத்தை மாற்றினால் எது வேலை செய்தது என்று எனக்குத் தெரியாமல் போய்விடும்.

மே 8

காரணம் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன். ஷேடர்.

நேற்று இரவு அதே பாதையில் இரண்டு முறை அடுத்தடுத்து ஓட்டினோம். முதல் முறை எட்டு இடத்தில் நின்றது. இரண்டாம் முறை ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

ஷேடர் என்பது ஒளி, நிழல், ஈரம், உலோகப் பளபளப்பு இதையெல்லாம் கணக்கிடும் சிறு நிரல்கள். கன்சோலில் எல்லோரிடமும் ஒரே சிப் இருப்பதால் அவற்றை முன்கூட்டியே தயார் செய்து அனுப்பிவிடலாம். கணினியில் ஒவ்வொரு கார்டும் வேறு, டிரைவர் பதிப்பும் வேறு. ஆகவே அந்தந்த வீட்டில்தான் சமைக்க வேண்டும். விளையாட்டு நடுவில் புதிய ஷேடர் தேவைப்பட்டால், அது தயாராகும் வரை படம் நிற்கும். தயாரானதைச் சேமித்து வைத்துக்கொள்ளும் என்பதால் அடுத்த முறை நிற்காது. டிரைவரை மாற்றினால் சேமிப்பு செல்லாது, மறுபடி முதலிலிருந்து. நான் டிடியு போட்டுத் துடைத்தேனே, அதுவும் இதோடு பொருந்துகிறது.

"ஒரு வாரம் ஓட்டு மாப்ளே, ஊர் முழுக்கச் சுற்றி வந்துவிட்டால் தானாகச் சரியாகிவிடும்" என்று சொல்லியிருக்கிறேன்.

மே 11, சனி

சரியாகவில்லை. மே 8-ல் எழுதியது தவறு. எங்கே தவறினேன் என்பதை விவரமாக எழுதுகிறேன், ஏனென்றால் இதே இடத்தில் பலரும் வழுக்குவார்கள்.

அவன் மூன்று நாளாக என்னிடம் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தான். "மாமா, நைட்டு நல்லா ஓடுது. காலைல ஆன் பண்ணா மறுபடி அதே இடத்துல நிக்குது." நான் காதில் வாங்கவில்லை. இன்று காலை உட்கார்ந்து யோசித்தேன். சேமித்த ஷேடர் டிஸ்க்கில் இருக்கிறது. கணினியை அணைத்தாலும் அது அழியாது. ஷேடர்தான் காரணம் என்றால் காலையிலும் நன்றாக ஓடியிருக்க வேண்டும்.

அணைத்தால் அழிவது எது? ரேமில் இருப்பது. விண்டோஸ் ஒருமுறை டிஸ்க்கிலிருந்து படித்த கோப்புகளை, காலியாக இருக்கும் ரேமில் ஸ்டாண்ட்பை என்ற பெயரில் வைத்துக்கொள்ளும். திரும்பக் கேட்டால் டிஸ்க்குக்குப் போகாமல் அங்கிருந்தே கொடுத்துவிடும். 32 ஜிபி இருப்பதால் நிறையவே பிடித்துக்கொள்கிறது. இரண்டாம் முறை வெண்ணெய் மாதிரி ஓடியதற்கு ஷேடரும் காரணமாகலாம், இதுவும் காரணமாகலாம். இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றுதான். பிரித்துக் காட்டுவது ரீஸ்டார்ட் மட்டும்.

ஆகவே: ஓட்டினோம், நின்றது. திரும்ப ஓட்டினோம், நிற்கவில்லை. ரீஸ்டார்ட் செய்து ஓட்டினோம், அதே எட்டு இடத்தில் நின்றது.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னொரு முறை ஓட்டச் சொன்னேன். என்விஎம்இ சும்மா கிடக்கிறது. ஹார்டு டிஸ்க் 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. கேபினட்டின் கீழ்ப் பக்கம், டிஸ்க் இருக்கும் கூண்டுக்கு நேரே உள்ளங்கையை வைத்தேன். திரையில் கார் உறையும் ஒவ்வொரு முறையும் உள்ளங்கையில் கரகரவென்று ஒரு அதிர்வு. படம் நகர்ந்ததும் அதிர்வு நிற்கிறது. அவனையும் கை வைக்கச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டே "இப்ப நின்னுச்சு, இப்ப போகுது" என்று சொல்கிறான்.

விளையாட்டு பழைய ஹார்டு டிஸ்க்கில்தான் இருக்கிறது.

ஏப்ரல் 28 அன்று என்விஎம்இ என்று நான் சொன்னேன். கேட்டவர் சரியான இடத்தில்தான் தொட்டார், பார்க்காமல் பதில் சொன்னது நான். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், இரண்டு வாரம் இத்தனை பேரின் நேரம் போயிருக்கிறது. நடந்தது இதுதான்: 70 ஜிபிக்கு மேல் மறுபடி இறக்க வேண்டாமே என்று, பழைய டிஸ்க்கிலிருந்த ஸ்டீம் (விளையாட்டுகளை வாங்கி ஓட்டும் மென்பொருள்) ஃபோல்டரை அவன் அப்படியே காட்டிவிட்டிருக்கிறான். ஸ்டீமும் அதை அடையாளம் கண்டு ஓட ஆரம்பித்துவிட்டது. விண்டோஸ் என்விஎம்இயில் இருந்ததால் எல்லாமே அதில் இருப்பதாக நான் எண்ணிக்கொண்டேன்.

மே 12

ஸ்டீம் அமைப்பில் ஸ்டோரேஜ் பகுதிக்குப் போய், விளையாட்டைத் தேர்ந்தெடுத்து, என்விஎம்இக்கு நகர்த்து என்று கொடுத்தோம். இருபது நிமிடத்துக்குள் முடிந்தது. ரீஸ்டார்ட். அதே பாதை.

சராசரி 101. ஒரு சதவீதக் கணக்கு 78. மிக நீண்ட ஃப்ரேம் 27 மில்லிநொடி.

சராசரியைப் பாருங்கள். 99 இருந்தது, 101 ஆகியிருக்கிறது. இந்த ஒரு எண்ணை வைத்து வேலை செய்திருந்தால் எதுவும் மாறவில்லை என்றுதான் முடிவு கட்டியிருப்போம்.

அவன் ஓட்டி முடித்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. திரும்ப ஆரம்பத்துக்குப் போய் இன்னொரு முறை ஓட்டினான்.

"என்விஎம்இ 5000 எம்பி, டிஸ்க் 150 எம்பி, அதனால்தான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தக் கணக்கைவிட இன்னொரு கணக்கு இங்கே முக்கியம். நிமிடத்துக்கு 7200 சுற்று சுழலும் டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிநொடி எடுக்கும். வேண்டிய இடம் டிஸ்க்கைப் படிக்கும் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, 4 மில்லிநொடிக்குச் சற்று மேலே. அதற்கு முன் தலை அந்தத் தடத்துக்கு நகர வேண்டும், அது இன்னொரு 9 மில்லிநொடி அளவில். ஆக ஒரு சின்னக் கோப்பைத் தொடவே 13 மில்லிநொடி. 100 ஃப்ரேமில் ஓடும் விளையாட்டுக்கு ஒரு முழு ஃப்ரேமுக்கே 10 மில்லிநொடிதான் இருக்கிறது. தெரு திரும்பும்போது இருபது கோப்பு ஒன்றாகக் கேட்டால் கால் நொடி போய்விடும். எனக்கு வந்த 214, 190 இரண்டும் இந்த அளவில்தான் இருக்கின்றன. என்விஎம்இயில் தலையும் இல்லை, சுற்றும் இல்லை, மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் பதில் வந்துவிடும்.

இந்த விளையாட்டைச் செய்த நிறுவனமே 2023-ல் 2.0 பதிப்பு வந்தபோது ஹார்டு டிஸ்க் ஆதரவை நிறுத்தி, குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்எஸ்டி என்று போட்டுவிட்டது. படித்திருந்தும் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

பெஞ்ச்மார்க்கில் ஏன் தெரியவில்லை என்பதும் இப்போது புரிகிறது. அது ஒரே சிறிய காட்சி. தேவையானதை முன்பே ஏற்றிக்கொண்டு ஓடுகிறது, ஊர் முழுக்கச் சுற்றுவதில்லை. மே 4-ல் எழுதிய 2 நொடி முள்ளும் இந்தக் கதையின் இன்னொரு நுனிதான் என்று நினைக்கிறேன். ஸ்மார்ட் தகவலுக்காக டிஸ்க்கைத் தட்டும்போதெல்லாம் அதே டிஸ்க்கிலிருந்து படித்துக்கொண்டிருந்த விளையாட்டு வரிசையில் நின்றிருக்கிறது. அன்றைக்கே அந்த டிஸ்க்கின் பெயர் என் கண்ணுக்கு முன்னால் வந்தது, நான் சென்சாரை அணைத்துவிட்டுப் போய்விட்டேன்.

மே 14

ஒரு திருத்தம். மே 1-ல் 96 ஜிபி என்று எழுதியது ரேம் தரக்கூடிய அளவு. பிராசசர் அவ்வளவையும் வாங்க முடியாது என்று ஒருவர் விளக்கினார், சரிதான். 7600-ல் கோர்கள் எல்லாம் ஒரே சிப்பில் இருக்கின்றன. அந்தச் சிப்புக்கும் ரேம் கட்டுப்பாட்டுக்கும் இடையிலுள்ள இன்ஃபினிட்டி ஃபேப்ரிக் 2000 மெகாஹெர்ட்ஸில் ஓடும்போது படிக்கும் வேகம் 64 ஜிபியோடு நிற்கும். இருந்தாலும் 38.4-ஐவிட அது எவ்வளவோ மேல்.

மே 19, ஞாயிறு

முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். மத்தியானம் ஒரு மணி நேரத்துக்கு மேல் விளையாடினால் மட்டும் மெல்ல இழுக்க ஆரம்பிக்கிறது என்கிறான். நிற்கவில்லை, சோர்ந்து போகிறது. இந்த முறை அவன் சொன்ன உடனே அளந்தேன்: ஆரம்பத்தில் ஒரு சதவீதக் கணக்கு 78, ஒரு மணி நேரம் கழித்து 63. பிராசசர் 95 டிகிரி, கார்டு 83. 7600-க்கு 95தான் எல்லை. அதைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 5.1 கிகாஹெர்ட்ஸ் வரை போகக்கூடியது 4.4-ல் நின்றது.

அறை 37 டிகிரி என்பது உண்மை. ஆனால் முன்னால் மூன்று மின்விசிறி இருக்கும் கேபினட் இவ்வளவு சூடாகக் கூடாது. அக்கா சாமி அறையிலிருந்து ஒரு ஊதுபத்தி வாங்கி வந்தேன். ஜன்னலைச் சாத்தி, சீலிங் ஃபேனை நிறுத்தி, கேபினட்டின் முன்பக்க வலைக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்தேன். புகை உள்ளே இழுபட வேண்டும். நேராக என் முகத்துக்கு வந்தது. பின்பக்கம் பிடித்தேன், அங்கேயும் வெளியேதான் தள்ளுகிறது. முன்னால் மூன்று, பின்னால் ஒன்று, நான்கும் காற்றை வெளியே துப்பிக்கொண்டிருக்கின்றன. உள்ளே வர வழியே இல்லை.

மின்விசிறியில் குறுக்குக் கம்பிகள் தாங்கியிருக்கும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். திறந்த பக்கம் காற்றை இழுக்கும். முன்னால் போடும்போது திறந்த பக்கம் வெளியே பார்க்க வேண்டும். பன்னிரண்டு திருகைக் கழற்றித் திருப்பிப் போட்டோம். வலையை ஒட்டி ஊதுபத்தியைப் பிடித்தால் இப்போது புகை நூல் மாதிரி நேராகி உள்ளே போகிறது.

அதே அறை, அதே மத்தியானம், ஒரு மணி நேரம் கழித்து: பிராசசர் 84, கார்டு 72. ஒரு சதவீதக் கணக்கு 77.

மே 26

தேங்கிய கேள்விகள்.

8 ஜிபி கார்டு போதுமா என்றால், 1080பியில் டெக்ஸ்சரை (பரப்புகளின் படத் தரம்) ஹையில் வைத்து ஓட்ட எங்களுக்குப் போதுகிறது. எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்து, ஒளியின் போக்கைக் கணக்கிடும் ரே டிரேசிங்கும் போட்டால் நிரம்பிவிடுகிறது. நிரம்பினால் மிச்சம் ரேமுக்குப் போகும், கார்டை மதர்போர்டோடு இணைக்கும் பிசிஐஇ வழியாக வந்து போகும், அப்போதும் திக்கும். ஆர்டிஎக்ஸ் 4060 எட்டுப் பாதை மட்டுமே பயன்படுத்துகிறது. பழைய பிசிஐஇ 3.0 பலகையில் போட்டால் அந்தப் பாதையின் வேகமும் பாதியாகிவிடும். அப்படிப் போட்டவர்கள் டெக்ஸ்சரை ஒரு படி குறைத்து ஓட்டிப் பாருங்கள், அதிலேயே தெரிந்துவிடும். கார்டை மேல் இடத்தில்தான் போட வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது. கீழே அதே நீளத்தில் இருக்கும் இடம் பெரும்பாலும் நான்கு பாதைதான், சில பலகையில் ஒன்று.

கரண்ட் போகும்போது கணினி அணைந்துவிடுகிறது, அதுவும் திக்கலும் ஒன்றா என்று கேட்ட தங்கைக்கு: இல்லை, அது வேறு. இப்போதைய பவர் சப்ளைகளில் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற மின்சாரத்தைச் சீராக இழுக்கும் சுற்று இருக்கிறது. விலை குறைந்த யுபிஎஸ் பேட்டரிக்கு மாறும்போது தரும் படிக்கட்டு மாதிரியான அலையோடு அவற்றில் சில ஒத்துப்போகாது. யுபிஎஸ் பெட்டியில் ப்யூர் சைன் வேவ் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். எத்தனை வாட் தாங்கும் என்பதையும் பாருங்கள், விஏ எண்ணை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்.

விளையாட்டு எங்கே இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது: ஸ்டீமில் அந்தப் பெயர் மேல் வலது கிளிக், மேனேஜ், ப்ரவுஸ் லோக்கல் ஃபைல்ஸ். திறக்கும் ஜன்னலின் மேலே டிரைவின் எழுத்து இருக்கும். பத்து நொடி வேலை. என்னிடம் யாராவது "எஸ்எஸ்டிதான்" என்று சொன்னால் இனி முதலில் இதைத்தான் பார்க்கச் சொல்வேன்.

ஜூன் 2

நேற்று காலை ஆன் செய்ததும் முதல் ஓட்டம், மத்தியானம், இரவு என்று மூன்று முறை அதே பாதையில் அளந்தேன். 78, 76, 78. மிக நீண்ட ஃப்ரேம் எதிலும் 30 மில்லிநொடியைத் தாண்டவில்லை. கடைக்குக் கார்டை எடுத்துப் போக வேண்டிய தேவை வரவில்லை.

பழைய டிஸ்க்கை என்ன செய்தேன் என்று கேட்டிருந்தீர்கள். அதில் ஒரு பழுதும் இல்லை, அதன் வேலை வேறு, அவ்வளவுதான். கழற்றி, தனி அடாப்டரோடு வரும் யுஎஸ்பி கூட்டில் போட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அவள் கல்யாணப் படங்கள் முழுக்க அதில்தான் இருக்கின்றன. இரண்டாவது பிரதி என்விஎம்இயில் எடுத்து வைத்திருக்கிறேன்.